சமர்கந்தைக் கட்டிய கைகள்



பாபர் என்ற பெயரைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் நம்மில் பலரும் படித்திருப்போம். 1526ஆம் ஆண்டு பானிப்பட்டுப் போரில் வென்று, இந்தியாவில் முகலாய ஆட்சியைத் தொடங்கியவர் அவர். ஆனால் அந்தப் பாபரின் நெஞ்சைவிட்டு நீங்காத ஊர் டில்லியும் அன்று, ஆக்ராவும் அன்று. மத்திய ஆசியாவில் இருக்கும் சமர்கந்துதான் அந்த ஊர். மூன்று முறை அதைப் பிடித்தார். மூன்று முறையும் இழந்தார். அதன் பிறகே தெற்கு நோக்கி இந்தியாவுக்கு வந்தார்.

ஓர் அரசரை அப்படி ஏங்க வைத்த ஊரில் என்னதான் இருக்கிறது? இன்று நாம் அதை நடந்தே பார்த்து வருவோம். வண்டி வேண்டாம். ஊரின் தென்மேற்கில் தொடங்கி வடகிழக்கில் முடித்தால் மொத்தம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமாக நிரை முழுவதும் பால்மரம் வெட்டி, பால் வாளியும் சுமந்து பழகிய குடும்பங்களுக்கு இது ஒரு நடையா?

நடக்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்வோம். இந்த ஊரைக் கட்டியவர் யார்? 'தைமூர்' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அது முழு விடையா என்பதை நாம் நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஊர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவோம். சமர்கந்து இன்று உஸ்பெகிஸ்தான் நாட்டைச் சேர்ந்தது. அந்த நாடு 1991 வரை சோவியத் ஒன்றியத்தில் ஒரு குடியரசாக இருந்து, அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தனி நாடானது. கடலே இல்லாத நாடு. கோடையில் கடும் வெயில், குளிர்காலத்தில் பனி. வறண்ட நிலத்துக்கு நடுவே ஸெரஃப்ஷான் என்ற ஆறு ஓடுகிறது. 'பொன் தூவும் ஆறு' என்பது அதன் பொருள். அந்த ஆற்று நீரால்தான் பழத்தோட்டங்களும் வயல்களும் செழித்தன, ஊரும் செழித்தது. சீனத்துப் பட்டு மேற்கே போகும் வழியில் ஒட்டக வணிகர்கள் தங்கிச் செல்லும் பெரிய சந்தை அது. கிரேக்க மன்னன் அலெக்சாந்தர் கி.மு. 329இல் இந்த ஊரைப் பிடித்தான். அப்போதே அது பெரிய நகரம்.

சரி, காலை வெயில் ஏறுமுன் புறப்படுவோம்.

முதலில் நாம் நிற்கும் இடம் கூர் அமீர். 'அரசரின் கல்லறை' என்று பொருள். தூரத்திலிருந்தே நீல நிறக் கவிமாடம் தெரிகிறது. பூசணிக்காயின் வரிகளைப்போல மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக அமைந்த மாடம். 1403இல் தைமூரின் பேரன் முகம்மது சுல்தான் இளம் வயதில் இறந்துபோனார். அவருக்காகக் கட்டத் தொடங்கிய கல்லறை இது. 1405இல் சீனத்தின்மேல் படையெடுத்துச் சென்ற வழியில் தைமூரும் இறந்தார். அவரையும் இங்கேயே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

தைமூர் 1336இல் சமர்கந்துக்குத் தெற்கே உள்ள கேஷ் என்ற ஊரின் அருகே பிறந்தவர். 1370 முதல் சமர்கந்தைத் தலைநகராக்கிக்கொண்டு, பாரசீகம், ஈராக்கு, சிரியா, துருக்கி, இந்தியா என்று முப்பத்தைந்து ஆண்டுகள் படை நடத்தினார். ஒரு கால் ஊனம். 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் சோவியத் அறிஞர் கெராசிமோவ் கல்லறையைத் திறந்து எலும்புகளை ஆராய்ந்தபோது, வலக்கால் ஊனம் உண்மைதான் என்று உறுதியாயிற்று. கல்லறையைத் திறந்த சாபத்தால்தான் அந்த வாரமே ஜெர்மனி ரஷ்யாமீது படையெடுத்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹிட்லர் அந்தப் படையெடுப்புக்கான கட்டளையில் கையெழுத்திட்டது அதற்கு ஆறு மாதம் முன்பு, 1940 டிசம்பரில். சாபத்துக்கு அங்கே வேலையே இல்லை.

உள்ளே தைமூரின் கல்லறைமேல் கரும்பச்சை நிறத்தில் ஒரு பெரிய பச்சைக்கல் கிடக்கிறது. இரண்டாக உடைந்து ஒட்டப்பட்ட கல். அதன் அருகே இன்னொரு கல்லறை. அது மீர் சையது பரகா என்ற பெரியவருடையது. தைமூர் குருவாக மதித்தவர் அவர். உலகத்தை நடுங்க வைத்த மன்னர் தம் ஆசானின் காலடியில் படுத்திருக்கிறார். ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை!

வெளியே வரும்போது வாசல் வளைவை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்போம். ஓட்டு வேலைப்பாட்டுக்கு நடுவே ஒரு பெயர் எழுதியிருக்கிறது. மன்னர் பெயர் அன்று. 'இஸ்பஹானைச் சேர்ந்த மகமூது மகன் முகம்மது' என்ற கட்டடக்காரரின் பெயர். இஸ்பஹான் பாரசீகத்தில், இன்றைய ஈரானில், இருக்கிறது. 1387இல் அந்த நகரத்து மக்கள் எதிர்த்து எழுந்தபோது தைமூரின் படை அங்கே பல்லாயிரம் பேரை வெட்டி, தலைகளைக் கோபுரமாகக் குவித்தது. தாய்மண்ணுக்கு அந்தக் கொடுமையைச் செய்தவரின் கல்லறைக்கு இந்த இஸ்பஹான்காரர் வாசல் கட்டியிருக்கிறார். நம் கேள்விக்கு முதல் விடை இங்கே கிடைத்துவிட்டது. இந்தப் பெயரை மறக்காமல் வைத்துக்கொண்டு மேலே நடப்போம்.

வடகிழக்காகக் கொஞ்ச தூரம் நடந்தால் ரெகிஸ்தான் சதுக்கம். 'மணல் பரந்த இடம்' என்பது அதன் பொருள். ஊரின் கடைகளும் கூட்டங்களும் அரசாணைகளும் தண்டனைகளும் நடந்த வெளி அது. இன்று மூன்று பக்கமும் மூன்று பெரிய கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. அரண்மனைகளோ என்று தோன்றும். மூன்றுமே மதரஸாக்கள், அதாவது கல்விக்கூடங்கள். ஊரின் நடுவில் இருப்பவை பள்ளிக்கூடங்கள்!

இடப்பக்கம் இருப்பதுதான் மூத்தது. தைமூரின் பேரன் உலுக் பேக் 1417இல் தொடங்கி 1420இல் கட்டி முடித்தார். மாணவர்கள் தங்கிப் படிக்கச் சிறு சிறு அறைகள் சுற்றிலும் உண்டு. எதிரே இருப்பது ஷேர் தோர். 1619க்கும் 1636க்கும் இடையே கட்டியது. அதன் முகப்பில் புலிபோன்ற இரண்டு விலங்குகள் மானைத் துரத்துகின்றன. அவற்றின் முதுகில் மனித முகத்தோடு சூரியன் உதிக்கிறது. நடுவில் இருப்பது தில்லா காரி. 'பொன் பூசியது' என்று பெயர். 1646இல் தொடங்கி 1660 வரை கட்டினார்கள். ஆக, மூத்த கட்டடத்துக்கும் இளைய கட்டடத்துக்கும் இருநூற்று நாற்பது ஆண்டு இடைவெளி. ஆனால் ஒரே நாளில் ஒரே கொத்தனார் கட்டியதுபோல் பொருந்தி நிற்கின்றன.

இந்த நீல நிறம் எப்படி வந்தது? இதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இந்த ஊரில் கட்டடக் கல் குறைவு. பெரிய மரங்களும் குறைவு. காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மென்மையான மண்தான் ஏராளம். அந்த மண்ணைக் குழைத்துச் செங்கல் சுட்டார்கள். செங்கல்லின்மேல் பதிக்க ஓடுகள் செய்து, அவற்றுக்குக் கண்ணாடிபோன்ற பூச்சு கொடுத்தார்கள். பூச்சில் செம்பு சேர்த்தால் பச்சை கலந்த நீலம். கோபால்ட்டு என்ற தாதுவைச் சேர்த்தால் இருண்ட நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சூடு வேண்டும். ஆகையால் நிறத்துக்கு ஓர் ஓடாகத் தனித்தனியே சுட்டு, உளியால் இலை இலையாக, பூப் பூவாக வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளியின்றிச் சேர்த்து வைத்தார்கள். ஒரு முழம் சுவரை முடிக்கவே பல நாள் ஆகும். சூளையில் சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நிறம் கெட்டுவிடும். சூட்டை அளக்கும் கருவி கிடையாது. நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். இது தகப்பனிடமிருந்து மகனும், ஆசானிடமிருந்து மாணவனும் கற்றுக்கொண்ட கல்வி.

அந்தக் கண்ணும் கையும் உடையவர்கள் சமர்கந்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்? அதற்குக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் உண்டு. ஸ்பெயின் தேசத்துக் காஸ்தில் அரசர் அனுப்பிய தூதர் கிளாவிஹோ என்பவர் 1404ஆம் ஆண்டு இங்கே வந்து, பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். தைமூர் வென்ற ஊர்களிலெல்லாம் கைத்தொழிலாளரைத் தனியே பிரித்து இங்கே கொண்டுவந்தார் என்கிறார் அவர். டமாஸ்கசிலிருந்து நெசவாளர், வில் செய்வோர், கண்ணாடி செய்வோர், குயவர். துருக்கியிலிருந்து கொத்தனார், வெள்ளி வேலை செய்வோர். அப்படி வந்து சேர்ந்தவர்கள் ஒன்றரை இலட்சம் பேர் இருப்பார்கள் என்பது அவர் கேட்டறிந்த கணக்கு. தங்க வீடு போதாமல், ஊருக்கு வெளியே மரத்தடிகளிலும் குகைகளிலும் குடும்பத்தோடு கிடந்தார்களாம்.

இன்னொரு செய்தியும் எழுதுகிறார். வழியில் ஆமு தாரியா என்ற பேராறு குறுக்கிடுகிறது. அந்த ஆற்றைக் கடந்து சமர்கந்துக்குள் வர யாருக்கும் தடையில்லை. ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவரும் ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போக முடியாது. கொண்டுவந்தவர்கள் ஓடிப்போகக்கூடாது என்பதற்காகவே அந்தக் காவல்.

வரும் வழி திறந்திருக்கிறது; போகும் வழி அடைத்திருக்கிறது. இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

ரெகிஸ்தானிலிருந்து பழைய தாஷ்கண்ட் தெரு வழியாக மேலும் நடந்தால், பீபி கானும் மசூதி மலைபோல் எதிரே வந்து நிற்கிறது. தைமூர் 1398 டிசம்பரில் டில்லியைச் சூறையாடினார். பல்லாயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அங்கும் கல்தச்சர்களைக் கொல்லாமல் சிறைப்படுத்தி, யானைகளோடு சேர்த்துக் கொண்டுபோனார். திரும்பிய உடனே 1399இல் தொடங்கிய கட்டடம்தான் இந்த மசூதி. நீளம் ஏறத்தாழ 167 மீட்டர், அகலம் 109 மீட்டர். நம் பந்துத் திடல் இரண்டை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும்.

தைமூரின் வரலாற்றை எழுதிய பாரசீக ஆசிரியர் யஸ்தி இந்த வேலையின் கணக்கைத் தருகிறார். அஸர்பைஜான், பாரசீகம், இந்துஸ்தானம் முதலிய இடங்களைச் சேர்ந்த கல்தச்சர் 200 பேர் மசூதிக்குள் வேலை செய்தார்கள். மலையில் கல் வெட்டி அனுப்பியவர்கள் 500 பேர். கல் இழுத்தவை இந்தியாவிலிருந்து போன 95 யானைகள். பனி பெய்யும் அந்த ஊர்க் குளிரில் நம் பக்கத்து யானைகள் கல் இழுத்தன என்று நினைத்துப் பாருங்கள்.

கிளாவிஹோ பார்த்தபோது மசூதி கட்டி முடிந்திருந்தது. ஆனால் வாசல் தாழ்வாக இருக்கிறது என்று தைமூருக்குக் கோபம். இடித்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னார். அப்போது அவர் நோயாளி. நிற்கவும் குதிரை ஏறவும் முடியாது. பல்லக்கில் சுமந்து வரச் செய்து, குழியின் விளிம்பில் இருந்துகொண்டு வேலை வாங்கினார். இறைச்சியைச் சமைத்துக் கொண்டுவரச் சொல்லி, அடியில் அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் வீசச் செய்தார். சில சமயம் தம் கையாலேயே வீசினார். நாய்க்கு எலும்பு போடுவதுபோல் இருந்தது அது என்று தூதர் எழுதுகிறார். வேலை பிடித்திருந்தால் காசும் வீசுவாராம்.

தூதர் அதைத் தம் மன்னருக்குச் செய்தியாகத்தான் எழுதினார். தைமூரைக் குறைசொல்வது அவர் நோக்கம் அன்று. ஆனாலும் அறுநூறு ஆண்டு கழித்துப் படிக்கும்போது, நம் கண் பல்லக்கைப் பார்க்கவில்லை. குழிக்குள் நிற்பவர்களைத்தான் பார்க்கிறது. தட்டில் வைத்துத் தந்தால் அது சோறு. வீசினால் அது வேறு. உழைத்துச் சாப்பிட்ட எவருக்கும் இந்த வேற்றுமை புரியும்.

அவசரமாக எழுப்பிய அந்தப் பெரிய கட்டடம் நெடுநாள் நிற்கவில்லை. தைமூருக்குப் பின் சிறிது காலத்திலேயே செங்கற்கள் பெயர்ந்து விழத் தொடங்கின. அளவுக்கு மீறிய உயரம் ஒரு காரணம்; அடிக்கடி வரும் நில நடுக்கம் மற்றொரு காரணம். 1897இல் வந்த நில நடுக்கத்தில் எஞ்சியிருந்த வளைவும் சரிந்தது. இப்போது நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1970களிலிருந்து திரும்பக் கட்டியது.

பாபர் தம் தன்வரலாற்றில் இந்த மசூதியைப் பற்றிப் பேசும் ஓரிடம் வேடிக்கையானது. தைமூர் 200 கல்தச்சரை வைத்து வேலை வாங்கினார் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்களே. என் ஆக்ரா வேலையில் மட்டும் தினமும் 680 பேர். பல ஊர்களையும் சேர்த்தால் 1,491 பேர் என்று அவர் கணக்குச் சொல்கிறார். மூதாதையோடு போட்டி! இரண்டு கணக்கிலும் ஆட்களின் எண்ணிக்கை இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

மசூதியை அடுத்தே சியாப் சந்தை. நடந்த களைப்புக்கு இங்கே உட்காரலாம். உலர்ந்த பாதாமி, திராட்சை, அக்ரோட்டு, அல்வா, பருவத்தில் முலாம்பழம் என்று குவிந்து கிடக்கும். ஆனால் சமர்கந்தின் பெருமை அதன் ரொட்டிதான். வட்டமாக, கனமாக, நடுவில் அச்சுக்குத்திய ரொட்டி. மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். அந்த நாட்டில் ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது தவறு. தொலைதூரம் புறப்படுகிறவர், சிறப்பாகப் படைக்குப் போகிற பிள்ளை, ஒரு ரொட்டியில் ஒரு வாய் மட்டும் கடித்துவிட்டுப் போவதும், அவர் திரும்பி வந்து மீதியைத் தின்னும்வரை வீட்டார் அதைப் பத்திரமாக வைத்திருப்பதும் அங்கே வழக்கம். போனவர் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அந்த மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சந்தையைத் தாண்டினால் ஷா-இ-ஜிந்தா. 'உயிரோடிருக்கும் அரசர்' என்று பெயர். நபிகள் நாயகத்தின் உறவினர் குதாம் இப்னு அப்பாஸ் இங்கே அடக்கமானார் என்பது மக்களின் நம்பிக்கை. அவர் கல்லறையைச் சுற்றி, குன்றின் சரிவில் ஒரு சந்து முழுவதும் கல்லறை மண்டபங்கள். தைமூர் குடும்பத்துப் பெண்கள் பலர் இங்கே உறங்குகிறார்கள். அவருடைய உடன்பிறந்தாள் மகளுக்காக 1372இல் எழுந்த மண்டபத்தின் ஓட்டு வேலை, நகரத்திலேயே மிக நுட்பமானவற்றில் ஒன்று. ஏறும்போதும் இறங்கும்போதும் படிகளை எண்ணுவார்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்திருந்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. பிள்ளைகள் இருந்தால் படி ஏறும் களைப்பே தெரியாது!

இதற்கு அப்பால் வீடே இல்லாத வெறும் மேடு ஒன்று பரந்து கிடக்கிறது. புல்லும் மண்மேடுகளும் பள்ளங்களும்தான். இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். போகக்கூடாது. நம் கேள்விக்கு மிகப் பெரிய விடை இந்த மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. இதன் பெயர் அஃப்ராசியாப். அலெக்சாந்தர் பார்த்த சமர்கந்து இதுதான். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குமேல் ஊர் இங்கேயே இருந்தது.

1965இல் இங்கே சாலை போட மண் தோண்டியபோது ஒரு மண்டபத்தின் சுவர்கள் வெளிப்பட்டன. சுவர் முழுவதும் வண்ண ஓவியங்கள். கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பட்டு ஏந்திய சீனத் தூதர்கள், வெள்ளை யானைமேல் ஊர்வலம், ஒட்டகத்தில் வருவோர் எல்லாம் அதில் இருக்கின்றன. அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் காணலாம். அந்தக் காலத்து வணிகர்களைச் சோக்தியர் என்பார்கள். அவர்கள் சீனத்திலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்கள்கூடப் பாலைவனக் காவல் கோபுரம் ஒன்றில் 1907இல் கிடைத்தன. கி.பி. நான்காம் நூற்றாண்டில் எழுதிய கடிதங்கள். முகவரிக்குப் போய்ச் சேராத கடிதங்கள்.

அப்படி வாழ்ந்த ஊர் 1220இல் அழிந்தது. மங்கோலியர் தலைவன் செங்கிஸ்கானின் படை ஊரைப் பிடித்துச் சூறையாடியது. அதன் பிறகு என்ன நடந்தது என்பதை ஜுவைனி என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர் எழுதுகிறார். உயிர்பிழைத்தவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். முப்பதாயிரம் பேர். அவர்களைச் செங்கிஸ்கான் தன் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் பங்கிட்டுக் கொடுத்தான்.

நேயர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். தைமூர் ஊர் ஊராகப் பிடித்துவந்த கைவினைஞர்களைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தோம். அவர்கள் வந்து சேர்ந்த இந்த ஊரே, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் தன் கைவினைஞர்களைப் பறிகொடுத்த ஊர். இங்கிருந்து முப்பதாயிரம் பேர் அழுதுகொண்டே போனார்கள். பிறகு வேறு ஊர்களிலிருந்து அதைவிட அதிகமானோர் அழுதுகொண்டே வந்தார்கள். பட்ட துன்பம் பிறருக்குத் துன்பம் செய்யாமலிருக்கக் கற்றுக்கொடுக்கும் என்று நாம் நினைப்போம். அரசர்களுக்கு அது கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பிடித்துக்கொண்டு போனவர்கள் கையோடு தங்கள் வித்தையையும் கொண்டுபோனார்கள். காகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 751இல் தலாஸ் ஆற்றங்கரைப் போரில் சிறைப்பட்ட சீனர்கள்தான் சமர்கந்தில் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பழைய அரபு நூல் ஒன்று கூறுகிறது. சமர்கந்துக் காகிதம் உலகப் புகழ்பெற்றது. சிறையில் வந்தவர் யாரோ. அந்தக் காகிதத்தில் எழுதிப் படித்தவர்கள் எத்தனையோ ஆயிரம்.

வெயில் தாழ்கிறது. நம் நடையின் கடைசி இடத்துக்கு வந்துவிட்டோம். அஃப்ராசியாபைத் தாண்டி ஒரு சிறு குன்று. அதன்மேல் உலுக் பேக்கின் வானாய்வுக்கூடம் இருந்தது. ரெகிஸ்தானில் மதரஸா கட்டிய அதே உலுக் பேக்தான். பாட்டனாருக்கு நாடு பிடிக்கும் வெறி. பேரனுக்கு நட்சத்திரம் எண்ணும் வெறி. வட்டமான மூன்றடுக்குக் கட்டடம் எழுப்பி, அதற்குள் நாற்பது மீட்டர் ஆரமுள்ள பெரிய வில்போன்ற கருவியை அமைத்தார். அதில் பாதி தரைக்கு மேலே. பாதி பாறையைக் குடைந்து தரைக்குக் கீழே.

அவ்வளவு பெரிதாக ஏன் வேண்டும்? கையடக்கமான கோணமானியில் ஒரு பாகைக்கும் அடுத்த பாகைக்கும் இடையே ஒரு மயிரிழைதான் இடம். இந்தக் கருவியிலோ ஒரு பாகைக்கு எழுபது சென்டிமீட்டர்! ஆகையால் மிகச் சிறிய வேறுபாட்டையும் அளக்க முடிந்தது. தூரதரிசினி கண்டுபிடிக்கப்படாத காலம் அது. வெறும் கண்ணும் கணக்கும்தான். 1437இல் வெளிவந்த அவர்களுடைய அட்டவணையில் 1,018 நட்சத்திரங்களின் இடம் குறித்திருக்கிறது. ஓர் ஆண்டின் நீளத்தை 365 நாள், 6 மணி, 10 நிமிடம், 8 விநாடி என்று கணித்தார்கள். இன்றைய கணக்குக்கும் அதற்கும் ஒரு நிமிட வேறுபாடுகூட இல்லை.

1449இல் உலுக் பேக்கின் சொந்த மகனே ஆளை ஏவி அவரைக் கொல்லச் செய்தான். தலையை வெட்டினார்கள். 1941இல் கூர் அமீரில் அவர் எலும்புகளை ஆராய்ந்தபோது அந்த வெட்டின் அடையாளம் தெரிந்தது. வானாய்வுக்கூடமும் பாழடைந்தது. செங்கற்களும் போய், இருந்த இடமே மறந்துபோயிற்று. 1908இல் வியாட்கின் என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரு பழைய நிலப் பத்திரத்தைத் துணையாகக் கொண்டு தேடி, இந்தக் குன்றைத் தோண்டினார். பாறைக்குள் இருந்த வில்லின் அடிப்பகுதி அப்படியே கிடைத்தது. நாம் இப்போது எட்டிப் பார்ப்பது அதைத்தான்.

கட்டடம் மண்ணோடு மண்ணாயிற்று. அட்டவணை என்ன ஆயிற்று? உலுக் பேக்கிடம் மாணவராக இருந்து உடன் உழைத்த அலி குஷ்ஜி என்ற அறிஞர் பின்னர் இஸ்தான்புல் நகரம் போய்ச் சேர்ந்தார். சமர்கந்தின் கல்வியும் அவரோடு போயிற்று. 1665இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் அந்த நட்சத்திர அட்டவணை அச்சேறியது. இந்தியாவில் ஜெய்ப்பூரை அமைத்த மன்னர் ஜெய்சிங், டில்லி, ஜெய்ப்பூர் முதலிய ஐந்து ஊர்களில் வானாய்வுக்கூடம் கட்டியபோது, அவருடைய அட்டவணைக்கும் உலுக் பேக்கின் நட்சத்திரப் பட்டியலே துணையாயிற்று. கட்டட வித்தையும் தெற்கே வந்தது. டில்லியில் உமாயூன் கல்லறையிலும் ஆக்ராவில் தாஜ்மகாலிலும் நாம் காணும் கவிமாடம், காலையில் கூர் அமீரில் கண்ட மாடத்தின் வழிவந்ததுதான்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சமர்கந்தைக் கட்டியவர் யார்? கட்டச் சொன்னவர் தைமூர். கட்டியவர்கள் இஸ்பஹான்காரர், டமாஸ்கஸ்காரர், டில்லிக்காரர், இன்னும் எத்தனையோ ஊர்க்காரர். சொன்னவருக்கு 1996இல் அந்த நாட்டில் சிலைகள் எழுந்தன. கட்டியவர்களில் ஒருவர் பெயர் வாசல் வளைவில் தப்பியிருக்கிறது. அது ஏன் தப்பியது? அவருக்கு எழுதத் தெரிந்திருந்தது, எழுதவும் செய்தார். நட்சத்திர அட்டவணை ஏன் தப்பியது? எழுதிவைத்தார்கள், மாணவர் ஒருவர் சுமந்து சென்றார். தூதர் எழுதாவிட்டால் அந்தக் குழிக்குள் நின்றவர்களை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

பிள்ளைகளே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது; கோயில் இருக்கிறது; காட்டை அழித்துப் போட்ட சாலை இருக்கிறது. அவற்றின்மேல் ஏதாவது பெயர் இருந்தால் அது துரைமார் பெயராகவோ கம்பெனிப் பெயராகவோ இருக்கும். மண் சுமந்தவர் யார், கல் அடுக்கியவர் யார், முதல் மரம் நட்டவர் யார் என்று வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேளுங்கள். எத்தனையோ தோட்டங்கள் இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கேட்ட பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஊரும் ஆண்டும் சேர்த்து, தெளிவாக எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக் கொடுப்பார்.